வாக்கியமும் காட்சியும்
நமது 'பொற்காலக்' கட்டுரைகள் பற்றி ஒரு குறிப்பு

நமது சஞ்சிகைகளிலும் மீலாத் மலர்களிலும் பாடசாலை ஆண்டிதழ்களிலும் தவறாமல் இடம்பெறும் ஒரு கட்டுரை வகை உண்டு. 'வானியலுக்கு முஸ்லிம்களின் பங்களிப்பு' என்றோ அதை ஒட்டிய வேறொன்றோ தலைப்பாக இருக்கும். ஐரோப்பா அறியாமை இருளில் மூழ்கிக் கிடந்தது என்று தொடங்கும். அல்பத்தானி, இப்னு யூனுஸ், நஸீருத்தீன் தூஸி, உலுக் பேக் என்று பெயர்கள் அணிவகுக்கும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் 'முதன்முதலில்' என்ற சொல். இன்றைய சமுதாயம் விழித்தெழ வேண்டும் என்று முடியும்.

இந்த வகையைப் பற்றி நான் குறை சொல்ல வருகிறேன். எட்ட நின்று சொல்லவில்லை. இத்தகைய கட்டுரைகள் மூன்றை நானே எழுதியிருக்கிறேன். ஆசிரியர் கலாசாலையில் இருந்தபோது ஒன்று, பின்னர் இரண்டு. மூன்றுக்கும் நடுவே வேறுபாடு அதிகமில்லை.

2012ஆம் ஆண்டு மீலாத் பேச்சுப் போட்டிக்கு ஒன்பதாம் ஆண்டு மாணவன் ஒருவனுக்கு அந்தக் கட்டுரையையே சுருக்கிப் பேச்சாக்கிக் கொடுத்தேன். நன்றாகப் பாடமாக்கினான். இரண்டாம் இடம் கிடைத்தது. திரும்பி வரும் வழியில், ஹட்டன் பஸ்ஸில், சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்: "சேர், அல்பத்தானி எத்தனை நாள் வானத்தைப் பார்த்தார்?" எனக்குத் தெரியவில்லை. "நிறைய நாள்" என்றேன். அவன் மேலும் கேட்கவில்லை. பெரியவர்கள் 'நிறைய' என்று சொன்னால் பேச்சு முடிந்தது என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

அந்தக் கேள்விக்குரிய விடை நாற்பத்தோரு ஆண்டு. 877 முதல் 918 வரை, யூப்ரடீஸ் கரையிலுள்ள ரக்கா நகரில். இதைத் தேடிப் படித்த பின்புதான் நமது கட்டுரைகளில் இல்லாதது எது என்று எனக்குப் புரியத் தொடங்கியது. எங்கள் கட்டுரைகளில் முடிவுகள் இருந்தன, ஆண்டுகள் இல்லை. கண்டுபிடித்தார் என்று இருந்தது; காத்திருந்தார் என்று இல்லை. கோள்களின் இயக்கத்தைப் பற்றிய அறிவு என்பது பெரும்பாலும் காத்திருந்ததன் வரலாறுதான்.

இந்தக் குறையைச் சொல்வதற்குத் தமிழிலேயே இரண்டு சொற்கள் ஆயத்தமாக இருக்கின்றன. பஞ்சாங்கங்களில் வாக்கியம் என்றும் திருக்கணிதம் என்றும் இரு வகை உண்டு என்பதைத் தோட்டப்புறத்தில் வாழும் நாம் அறிவோம். கோவில் திருநாள் எந்த நாளில் என்று இரு பஞ்சாங்கங்களை வைத்துக்கொண்டு வாதாடும் அயலவர்கள் நமக்கு உண்டு. வாக்கியம் என்பது உண்மையிலேயே வாக்கியந்தான். சந்திரன் நாளுக்கு நாள் நிற்கும் இடத்தை எழுத்துக்களுக்கு எண் மதிப்புக் கொடுத்து 248 சிறு தொடர்களாக்கி மனனம் செய்து வைத்தார்கள். இந்த முறை நமக்கு அந்நியமானதல்ல. 786 என்று கடிதத்தின் தலையில் எழுதுகிற நாம் அப்ஜத் கணக்கை அறிவோம். அரபு வானியலாரும் தமது அட்டவணைகளான ஸீஜ்களில் அந்த எழுத்துக்களையே எண்களாக எழுதினார்கள். திருக்கணிதத்திலுள்ள 'திரு' தெய்வீகத் திருவல்ல. 'த்ருக்' என்ற வடசொல்லின் திரிபு. கண்ணால் காண்பது, காட்சி என்று பொருள். காட்சியோடு ஒத்துவரும் கணிதம் என்பதே அப்பெயர்.

வாக்கியத்தின் வலிமையையும் வறுமையையும் ஒரே இடத்தில் காட்டும் வரலாறு புதுச்சேரியில் நடந்தது. சுக்கிரன் சூரியனைக் கடப்பதைப் பார்க்க லெ ஜான்தி என்ற பிரெஞ்சு வானியலார் புறப்பட்டு வந்தார். 1761இல் நடந்த கடப்பின்போது புதுச்சேரி ஆங்கிலேயர் வசம் போயிருந்தது. அவர் கடலில் கப்பலில் இருந்தார், அளவெடுக்க முடியவில்லை. அடுத்தது எட்டு ஆண்டு கழித்து, 1769இல். அவ்வளவு காலமும் ஊர் திரும்பாமல் காத்திருந்து புதுச்சேரியில் கருவிகளை நிறுத்தினார். அன்று காலை மேகம் மூடிக்கொண்டது. மூடுபனியோடு வாழும் நமக்கு அவர் மனநிலையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆனால் புதுச்சேரியில் இருந்த காலத்தில் தமிழ்க் கணக்கர்களிடம் கிரகணக் கணிதம் கற்றார். 1765 ஓகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவை அவர்கள் முறைப்படி கணித்து ஒப்பிட்டபோது, தமிழ்க் கணக்கு 41 வினாடி மட்டுமே குறைந்திருந்தது. ஐரோப்பாவில் அன்று மிகச் சிறந்ததென மதிக்கப்பட்ட மாயரின் அட்டவணையோ 68 வினாடி கூடியிருந்தது. இதைப் படித்தபோது எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. நமது கட்டுரையாளர் ஒருவருக்கு இந்தத் தகவல் கிடைத்தால் இத்துடன் நிறுத்திக்கொள்வார். நானாயினும் அப்படித்தான் செய்திருப்பேன்.

மீதிக் கதையை ஜோன் வாரன் எழுதினார். மதராஸ் வானாய்வு நிலையத்தில் பணிபுரிந்த இவர் 1825இல் மதராஸில் அச்சிட்ட 'கால சங்கலித' என்ற நூல் தமிழ், தெலுங்கு, முஸ்லிம் ஆண்டுக் கணக்குகள் மூன்றையும் ஒன்றாக ஆராய்ந்தது. புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணக்கர் நிலத்தில் சோழிகளை அடுக்கி, எதையும் எழுதாமல், மனனம் செய்த அட்டவணைகளைக் கொண்டே 1825 மே 31 இரவுக் கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடம். நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம். 20ஆம் நூற்றாண்டில் இதை ஆராய்ந்த ஒட்டோ நொய்கெபவர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுப் பழைமையுள்ள ஒரு முறை உயிரோடு வந்து சேர்ந்திருப்பதைத்தான் வியந்தார். அந்த வியப்பு நியாயமானது. அந்தக் கணக்கரின் நினைவாற்றலுக்கு நான் தலை வணங்குகிறேன். ஆயினும் 52 நிமிடம் என்பது 52 நிமிடந்தான். கணக்கு வாயிலிருந்து வாய்க்குப் பிசகாமல் வந்தது; இடையிடையே வானத்தோடு வைத்துப் பார்க்கப்படாததால் வானம் கணக்கை விட்டு மெல்ல விலகிப் போய்விட்டது.

அதே மரபுக்குள்ளேயே இதைக் கண்டு திருத்தியவரும் இருந்தார். கேரளத்தில், நிளா ஆறு கடலில் சேரும் பகுதியில் வாழ்ந்த வடசேரிப் பரமேசுவரர் ஐம்பத்தைந்து ஆண்டுகள் கிரகணங்களையும் கோள் சேர்க்கைகளையும் பார்த்துக் குறித்தார் என்று அவர் வழிவந்த நீலகண்ட சோமயாஜி எழுதினார். அதன் பயனாக 1431இல் வந்ததுதான் 'திருக்கணிதம்' என்ற நூல்.

நமது பொற்காலக் கட்டுரைகள் வாக்கியங்களாகிவிட்டன என்பதே என் விமர்சனம். மனனம் பிசகவில்லை. ஒருவரிடமிருந்து ஒருவர் அப்படியே பெற்றுக்கொள்கிறோம். மூலத்தோடு வைத்துப் பார்ப்பார் இல்லை. இதில் வருத்தம் என்னவென்றால், நாம் யாரைப் புகழ்கிறோமோ அவர்கள் காட்சியின் ஆட்கள்.

அல்பத்தானியை எடுத்துக்கொள்வோம். ஆண்டின் நீளத்தை 365 நாள் 5 மணி 46 நிமிடம் 24 விநாடி என்று அவர் கணித்ததை நாம் எல்லாரும் எழுதியிருக்கிறோம். 'இன்றைய அளவோடு ஏறத்தாழ ஒத்துப்போகிறது' என்றும் சேர்த்திருக்கிறோம். உண்மையில் இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகமாகக் குறைகிறது. அந்த இரண்டு நிமிடத்தின் கதைதான் புகழ்ச்சியைவிடச் சுவையானது. ஆண்டின் நீளத்தை ஒரே ஆண்டில் அளந்தால் சிறு கைப்பிழையும் முழுவதுமாக விடையில் விழும். நூற்றாண்டுகள் இடைவெளியுள்ள இரண்டு சமநாட்களை எடுத்து, இடைப்பட்ட நாட்களை ஆண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் பிழையும் சேர்ந்தே வகுபடும். ஆகவே அவர் தம் அவதானிப்பைத் தமக்கு 700க்கும் மேற்பட்ட ஆண்டுகள் முந்திய தொலமியின் பதிவோடு ஒப்பிட்டார். தொலமி குறித்திருந்த சமநாள் உண்மையைவிட ஒரு நாளுக்கும் மேல் பிந்தியது. அந்தப் பிழை எழுநூறு ஆண்டுகளாகப் பகிரப்பட்டு ஆண்டுக்கு இரண்டு நிமிடமாக வந்து நின்றது. குறை பெரும்பாலும் பத்தானியின் கண்ணில் இல்லை, அவர் நம்பிய ஏட்டில் இருந்தது. பல நூற்றாண்டுகள் கழித்து எட்மண்ட் ஹாலி இதைக் காட்டினார். அவரால் காட்ட முடிந்ததற்குக் காரணம், பத்தானி தாம் எதை எப்போது பார்த்தார், எதோடு ஒப்பிட்டார் என்பதையெல்லாம் எழுதி வைத்துப் போனதுதான்.

அதே தொலமியை அவர் கண்மூடி ஏற்கவும் இல்லை. சூரியன் பூமிக்கு மிகத் தொலைவில் நிற்கும் திசை மாறாதது என்று தொலமி சொல்லியிருந்தார். தொலமிக்கு அது 65½ பாகையில் இருந்தது. பத்தானிக்கு 82 பாகைக்கு மேல் வந்தது. பெரியவர் சொன்னாரே என்று தன் எண்ணைத் திருத்திக்கொள்ளாமல், கண்டதைக் கண்டபடி எழுதினார்.

இப்னு யூனுஸ் இதிலும் ஒரு படி மேல். 1009இல் காலமான இந்தக் கெய்ரோ அறிஞரின் 'ஹாகிமீ ஸீஜ்' தமது அவதானிப்புகளை மட்டுமன்றித் தமக்கு முந்திய பக்தாது அவதானிப்புகளையும் தொகுத்துத் தருகிறது. எந்தக் கோள் எந்தக் கோளோடு எந்த இரவில் சேர்ந்தது, கிரகணம் தொடங்கும்போது சூரியன் எத்தனை பாகை உயரத்தில் நின்றது என்று நாளும் இடமும் சொல்லி எழுதியிருக்கிறார். பழைய அட்டவணை இன்ன நேரம் என்றது, வானத்தில் இன்ன நேரம் நடந்தது என்று வேறுபாட்டையும் மறைக்காமல் குறித்தார். 1878இல் அமெரிக்க வானியலார் சைமன் நியூகோம் சந்திரனின் இயக்கத்தை ஆராய்ந்தபோது இந்தக் கிரகணப் பதிவுகளை எடுத்துப் பயன்படுத்தினார். ஒருவர் எழுதி வைத்த குறிப்பு எண்ணூற்றைம்பது ஆண்டுக்கு மேல் கடந்து, வேறொரு கண்டத்தில், வேறொரு மதத்தவர் கையில் வேலை செய்தது. இதைவிடப் பெரிய புகழாரம் எதை நாம் எழுதிவிட முடியும்?

மராகாவின் கதையும் நமது கட்டுரைகளில் பாதிதான் வருகிறது. 1258இல் பக்தாதை அழித்த ஹுலாகு கானின் பணத்தில்தான் 1259இல் தூஸி மராகா வானாய்வு நிலையத்தைத் தொடங்கினார் என்பதை நாம் மெல்லக் கடந்துபோகிறோம். கானுக்கு வேண்டியிருந்தது சோதிடம் என்பதையும் விட்டுவிடுகிறோம். தூஸி முப்பது ஆண்டு கேட்டார். வெறும் கண்ணுக்குத் தெரியும் கோள்களில் மிக மெதுவான சனி ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ 29½ ஆண்டு செல்லும். ஒரு முழுச் சுற்றையாவது பார்க்காமல் அதன் நடையைப் பற்றி உறுதியாகப் பேச முடியாது. கான் பன்னிரண்டு ஆண்டில் முடிக்கச் சொன்னார். பன்னிரண்டு என்பது வியாழனுக்குப் போதும், சனிக்குப் போதாது. ஹுலாகு இறந்த பின்னர், 1272 அளவில் 'ஈல்கான் ஸீஜ்' நிறைவேறியது. அதன் எண்களில் பல இப்னு யூனுஸ் போன்ற முன்னோரின் அட்டவணைகளிலிருந்து எடுக்கப்பட்டவை என்று ஆய்வாளர் காட்டியிருக்கிறார்கள். அதே மராகாவில் முஹ்யித்தீன் மக்ரிபி என்பவர் 1262 முதல் 1274 வரை தாமே பார்த்து, நாள் நேரம் குறித்து, அந்த அவதானிப்புகளிலிருந்து தமது எண்களைப் புதிதாக வருவித்தார். தூஸியின் பெயரை ஆண்டுதோறும் எழுதுகிற நாம் மக்ரிபியின் பெயரை எழுதி நான் கண்டதில்லை. என் மூன்று கட்டுரைகளிலும் அவர் இல்லை.

காத்திருக்கும் வாய்ப்பு எல்லாருக்கும் கிடைப்பதில்லை. இஸ்தான்பூலில் தகியுத்தீன் 1577இல் தொடங்கிய வானாய்வு நிலையம் 1580இல் இடிக்கப்பட்டது. அதே ஆண்டுகளில் டென்மார்க்கின் ஒரு தீவில் டைக்கோ பிராகே இருபது ஆண்டு தொடர்ந்து அவதானித்தார். அவர் விட்டுச்சென்ற செவ்வாய்க் குறிப்புகளில், நிலா வட்டத்தின் காற்பங்கு அளவேயான ஒரு சிறு பொருத்தமின்மையை அலட்சியம் செய்யாமல் பிடித்துக்கொண்டதால்தான் கெப்ளர் 1609இல் கோள்களின் பாதை நீள்வட்டம் என்று சொல்ல முடிந்தது. இஸ்தான்பூலை இடித்தவர்களும் நம்மவர்களே. அதையும் எழுதினால்தான் வரலாறு.

இவ்வளவும் படித்துவிட்டுச் சும்மா இருப்பது கூச்சமாக இருந்தது. 2012 ஜூன் 6 காலையில் சுக்கிரன் சூரியனைக் கடந்தபோது மாணவர்களைக் கூட்டிக்கொண்டு மைதானத்தில் நின்றேன். எங்கள் பக்கத்தில் பனி விலகவில்லை. அடுத்தது 2117இல். அந்த ஓகஸ்டில், றமழானில், நோன்பு திறந்த பின் மேற்கே பார்த்தால் சனியும் சித்திரை நட்சத்திரமும் அருகருகே நின்றன. மாத நடுவில் செவ்வாய் இரண்டுக்கும் இடையில் புகுந்து போனது. ஒரு சீ.ஆர். கொப்பியில் திகதி போட்டு வரைந்து வைத்தோம். தொலைநோக்கி கிடையாது. கையை நீட்டி விரல்களை அடுக்கி அளந்தோம். நீட்டிய கையில் மூன்று விரல் அகலம் சுமார் ஐந்து பாகை.

மழை அளப்பதைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தோட்டத்தில் நாள்தோறும் மழைமானியைப் பார்த்து எழுதுகிறார்கள். மழையே பெய்யாத நாளிலும் சுழியம் என்று எழுதத்தான் வேண்டும். எங்கள் கொப்பியிலும் அப்படியே விதித்தேன்: மேகமாயின் 'மேகம்' என்று எழுது, பிழையாக எழுதினால் அழிக்காதே, கோடிட்டுப் பக்கத்தில் எழுது. கொப்பியில் அதிகமாக இருக்கும் சொல் 'மேகம்' தான்.

2013 ஜனவரி இறுதியில் வியாழன் பின்னோக்கி நகர்ந்து, ரோகிணியைத் தாண்டிச் சற்று மேற்கே வந்து நின்று, மீண்டும் கிழக்கே திரும்பியதைக் குறித்திருந்தோம். வியாழனுக்குப் பன்னிரண்டு ஆண்டு என்பது பாடப்புத்தகத்திலும் பேச்சு வழக்கிலும் உள்ள கணக்கு. 2025 பெப்ரவரி தொடக்கத்தில் வேறு மாணவர்களோடு அதே கொப்பியை விரித்து வைத்துப் பார்த்தேன். வியாழன் ரோகிணிக்கு மேற்கே போகவில்லை. அதற்கு வடக்கே, ஒரு மயிரளவு கிழக்காகவே நின்று திரும்பிவிட்டது. முன்னர் நின்ற இடத்துக்கும் இப்போது நின்ற இடத்துக்கும் வேறுபாடு ஏறத்தாழ ஐந்து பாகை, எங்கள் மூன்று விரல். பழைய படம் பிழை என்று ஒரு மாணவி சொன்னாள். நானும் ஒரு கணம் அப்படித்தான் நினைத்தேன். பிறகு கணக்குப் போட்டோம். வியாழனின் சுற்றுக்குப் பன்னிரண்டு முழு ஆண்டு தேவையில்லை, 11.86 ஆண்டு போதும்; எஞ்சிய காலத்தில் அது அவ்வளவு தூரம் முன்னே போயிருக்கிறது. உலகம் அறிந்த எண்தான். ஆனாலும் அது எங்கள் விரலில் அகப்பட்டது. பத்தானியைப் பற்றி நான் எழுதிய மூன்று கட்டுரைகளும் அந்த ஒரு மாலையில் கற்பித்ததை எனக்குக் கற்பிக்கவில்லை.

என்னோடு உடன்படாத நண்பர்கள் இரண்டு காரணம் சொல்வார்கள். இழிவுபடுத்தப்படும் ஒரு சமூகத்துக்குப் பெருமை ஊட்டும் எழுத்து தேவை என்பது ஒன்று. மறுக்கமாட்டேன். சந்தேகக் கண்களுக்கு நடுவே வளரும் பிள்ளைக்கு, உன் முன்னோர் வானத்தை அளந்தவர்கள் என்று ஒருவர் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சொல்வது சோதித்தால் நிற்கவேண்டும். 41 வினாடியை மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்பினால், வெளியே யாராவது 52 நிமிடத்தைக் காட்டும்போது அந்தப் பிள்ளை தலைகுனிந்து நிற்கும். இரண்டையும் சொல்லிக்கொடுத்த பிள்ளை தலைகுனியாது.

இலக்கியம் பஞ்சாங்கமல்ல என்பது இரண்டாவது. அதுவும் சரியே. எனினும் நமது சிறுகதைகளில் மஃரிபுக்குப் பின் கிழக்கே இளம்பிறை எழுகிறது. நடுநிசியில் தலைப்பிறை காய்கிறது. உச்சியில் விடிவெள்ளி மினுங்குகிறது. தலைப்பிறை மேற்கில் தோன்றி விரைவிலேயே மறைந்துவிடும். சுக்கிரன் சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல் விலகாது, ஆகவே நம் ஊரில் நடுநிசிக்கு அது தெரிய வழியில்லை. மாதந்தோறும் பிறை தேடி மேற்கே பார்க்கிற ஒரு சமூகத்தின் எழுத்தாளர்கள் பிறையைக் கிழக்கில் வைப்பதைக் கற்பனைச் சுதந்திரம் என்று ஏற்க என்னால் முடியவில்லை. வானத்தைப் பார்க்காமல் எழுதும் கை மனிதரையும் பார்க்காமல் எழுதக்கூடும் என்ற பயம் எனக்கு உண்டு.

ஆகவே இனி இச்சஞ்சிகைக்கு இத்தகைய கட்டுரை எழுதுவோரிடம் மூன்று கேள்விகளுக்கு விடை கேட்கிறேன். நீங்கள் புகழும் அறிஞர் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை, எங்கிருந்து பார்த்தார்? யாருடைய பழைய பதிவை எடுத்து ஒப்பிட்டார்? எதில் பிழைவிட்டார், அதைக் கண்டவர் யார்? மூன்றாவது கேள்விக்கு விடை எழுத நமக்குக் கை கூசும். இப்னு யூனுஸுக்குக் கூசவில்லை.

கொப்பியில் இன்னும் பக்கங்கள் இருக்கின்றன. 2012இல் சித்திரைக்கு அருகே நாங்கள் குறித்த சனி மீண்டும் அங்கு வருவது 2041இல். அப்போது நான் ஓய்வுபெற்றிருப்பேன். கொப்பியைப் பிரதி எடுத்து ஒன்றைப் பாடசாலை அலுமாரியிலும் ஒன்றை அந்த மாணவியிடமும் கொடுத்திருக்கிறேன். பேச்சுப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றவன் இப்போது கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். சென்ற பெருநாளுக்கு ஊருக்கு வந்தபோது, நாற்பத்தோரு ஆண்டு என்று அவனுக்குச் சொன்னேன். எந்தக் கேள்விக்கு விடை என்பதை அவனுக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது.